ஆங்கிலிக்கன் தெரு சாவி

சாவி எங்கிட்டதான் இருக்குது சார், அதுக்கு ஏன் பதறுறீங்க? தோ, முருகர் காலண்டர் மாட்டியிருக்குற ஆணியிலதான் தொங்குது பாருங்க. பெருசு கோயில் சாவி, சின்னது கல்லறத் தோட்டத்து கேட்டு சாவி. ஆனா எட்த்து குடுக்க முடியாது. நீங்களே இப்பதான படிச்சு காட்டுனீங்க, ரெண்டு தரப்பும் கூட இருந்தாதான் பூட்டத் தொறக்கணும்னு. கோர்ட்டு சொன்னா சொன்னதுதான். உக்காருங்க. அந்த பெஞ்சு ஆடும், இப்பிடி வாங்க. சக்கர கம்மியா போடவா?

கோர்ட்டுலேர்ந்து கமிஷனர் வராருன்னதும் யாரோ தொந்தி வெச்ச பெரிய வக்கீலா இருக்கும்னு நெனச்சேன். நீங்க எம்புள்ள வீரமணி வயசுதான் இருப்பீங்க போல. அவன் டாட்டா ஏஸ் ஓட்டுறான், மரவள்ளிக் கெழங்கு ஏத்திக்கினு சின்னசேலம் போவான் வருவான். காலையிலயே உங்களுக்கு ஒண்ணும் சாப்புட கெடச்சிருக்காது. ரெண்டு இட்லி வைக்கவா? சரி, டீயே குடிங்க.

வருவாங்க சார், வருவாங்க. அவசரப்பட்டா எப்பிடி? மொதல் தரப்பு ஜான் வாத்தியாரு. ரெண்டாவது தரப்பு சின்னப்பன். சின்னப்பனோட கூடப்பொறந்த அக்கா லிடியா டீச்சரத்தான் வாத்தியாரு கட்டிக்கினாரு. மாமனும் மச்சானுந்தான் கேசு. இது உங்க கேசு கட்டுல இருக்காது.

நீங்க எழுதிக்கினு வந்த கேள்விய இன்னொருக்கா சொல்லுங்க. ஆங்கிலிக்கன்ற பேருக்கு அர்த்தம் இன்னா, இந்த ஊர்ல அத்த யாரு பொழங்குறாங்க. அவ்ளோதான? ரெண்டாவது கேள்விக்கு நானே பதில் சொல்லிடுவேன், எழுதிக்குங்க. எல்லாரும் பொழங்குறோம், அந்த ரெண்டு கோஷ்டிய தவுத்து.

சிரிக்காதீங்க சார், நெசமாத்தான். நீங்க தியாகதுருகத்துலேர்ந்து பஸ்ல வந்தீங்க இல்ல, எறங்கும்போது கண்டக்டரு இன்னான்னு கத்துனாரு? ஆங்கிலிக்கன்லாம் எறங்கு, ஆங்கிலிக்கன்லாம் எறங்குன்னு கத்துனாரா இல்லையா? உங்ககூட எறங்குனது யாரு, கருப்பு துணி கட்டி சபரிமலைக்கு மால போட்ட சாமிங்க நாலு பேரு. என் கடை போர்டு பாருங்க, ஆங்கிலிக்கன் டீ ஸ்டால். அந்தாண்ட எங்க கொழுந்தனாரு மவன் அஜித்து வெச்சிருக்குறது ஆங்கிலிக்கன் கோழிக்கடை. எங்க மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு பெரிய பேனர் கட்டுவாங்க, ஆங்கிலிக்கன் தெரு இளைஞர்கள் அன்புடன் அழைக்கிறார்கள்னு. என் ஆதார் கார்டுல கொளஞ்சியம்மாள், ஆங்கிலிக்கன் தெருன்னுதான் இருக்குது. எங்களுக்கு ஒரு தடையும் இல்ல.

அவங்களுக்குத்தான் தடை. கேசு முடியுற வரைக்கும் ரெண்டு தரப்பும் அந்த பேர வாயால சொல்லக்கூடாது, எழுதக்கூடாது, கோயிலயும் தொறக்கக்கூடாது, கல்லறையிலயும் பொதைக்கக்கூடாதுன்னு ஆர்டரு. அஞ்சு வருசமாச்சு. போன தையில ஒரு பொண்ணுக்கு கல்யாணம் சங்கராபுரத்துல நடந்துச்சு. பத்திரிகையில பழக்கதோசத்துல சபை பேர அச்சடிச்சுட்டாங்க. அப்பறம் வூட்ல இருக்குற பொம்பளைங்கல்லாம் உக்காந்து ஒவ்வொரு பத்திரிகைலயும் அந்த பேரு மேல ரோசாப்பூ ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. எனக்கு வந்த பத்திரிகைய எட்த்து நகத்தால சொரண்டி பாத்தேன், உள்ள ஆங்கிலிக்கன் முழிச்சிக்கினு இருந்துச்சு.

பேரு முழுசா சொல்லவா? நான் சொல்லலாம், எனக்கு கேசு இல்ல. தென்னாற்காடு ஐக்கிய ஆங்கிலிக்கன் திருச்சபை. தென்னாற்காடுன்னு ஒரு ஜில்லாவே இப்ப கெடையாது. அது விழுப்புரமாச்சு, அப்பறம் நாம கள்ளக்குறிச்சியாயிட்டோம். ஐக்கியம்னா ஒத்துமைன்னு அர்த்தமாம். மொத்தம் முப்பத்தெட்டு குடும்பம், அதுல பத்தொம்பது இந்தப் பக்கம், பத்தொம்பது அந்தப் பக்கம். பேர்ல பாக்கி ஆங்கிலிக்கன் மட்டுந்தான், அதுக்குத்தான் இவ்ளோ பேஜாரு.

சண்ட எப்பிடி வந்துச்சுன்னா, அவங்க பிஷப்பு மெட்ராஸ்லேர்ந்து ஒரு லட்டர் போட்டாரு. நாம சின்ன சபை, பெரிய சபையோட சேந்துடலாம், இந்த பேர வுட்டுடலாம்னு. சின்னப்பன் சரின்னாரு. இந்த பேர வெச்சிக்கினு ஒரு பயலுக்கும் புரிய வைக்க முடியல, போற எடத்துலல்லாம் அது இன்னா சபைன்னு கேக்குறான், வுட்டுத்தொலைப்போம்னாரு. ஜான் வாத்தியாரு முடியாதுன்னாரு. அங்கேர்ந்து வக்கீல் வூட்டுக்கு போனாங்க. சின்னப்பனோட வக்கீலு பத்திரத்த பாத்துட்டு, ஏம்பா, கோயிலும் நெலமும் ஆங்கிலிக்கன் பேர்லதான் இருக்குது, பேர வுட்டா எல்லாம் போச்சுன்னுட்டாரு. உடனே இவரு, நாங்கதான் ஒரிஜினல் ஆங்கிலிக்கன்னு மனு போட்டாரு. அந்த பேரு வேணாம்னு கெளம்புன ஆளு சார்! எனக்கு கேட்டதும் பொறை ஏறிடுச்சு.

சாவி எங்கிட்ட வந்த கதையா? தாசில்தார் ஆபீசுல பேச்சுவார்த்தைன்னு கூப்ட்டாங்க. சாவிய யாருகிட்ட குடுக்குறதுன்னு காலையில உக்காந்தவங்க சாய்ந்தரம் வரைக்கும் உக்காந்தாங்க. போலீசுகிட்டன்னா இவங்க வேணாங்கறாங்க, வி.ஏ.ஓ.கிட்டன்னா அவங்க வேணாங்கறாங்க. ரெண்டு தரப்பும் ஒத்துக்குற மாதிரி ஊர்ல ஒரு ஆளுகூடவா இல்லன்னு தாசில்தாரு டேபிள தட்டுனாங்க. அப்ப நான் டீ கேன தூக்கிக்கினு உள்ள போனேன். ரெண்டு கோஷ்டியும் ஒரே நேரத்துல என் கைலேர்ந்து டீ வாங்குனத அந்தம்மா பாத்துட்டாங்க. ஆமா, தாசில்தாரு பொம்பளதான். கையெழுத்து வாங்கிக்கினாங்க. ரெண்டு தரப்பும் இல்லாம தொறந்தா உள்ள போட்டுடுவோம்னு சொல்லிதான் குடுத்தாங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு டீ பாய்லருக்கு பொட்டு வைக்கும்போது சாவிக்கும் ஒரு பொட்டு வைப்பேன். அந்த மஞ்சள் அதான், அழுக்கு இல்ல.

இன்னா சார், வாட்ச பாக்குறீங்க? வாத்தியாருக்கு போன் போட்டா எடுக்கலையா? எடுக்க மாட்டாரு. வூடும் பூட்டித்தான் இருக்கும். இருங்க, மொதல் கேள்விக்கு பதில் வேணுமில்ல? அத்தயும் நான் கேட்டு வெச்சிருக்கேன்.

ஒரு நாளு வாத்தியாரு இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. நீங்க உக்காந்திருக்குற எடத்துலயேதான். தெனம் அங்கதான் உக்காருவாரு, ஏன்னா அங்கேர்ந்து பாத்தா கல்லற சுவரு தெரியும். ஐயா, ஆங்கிலிக்கன்னா இன்னாங்கன்னு கேட்டேன். இங்கிலீசுக்காரன் சபைன்னு அர்த்தம்னாரு. உங்கள்ள ஒருத்தரும் இங்கிலீசு பேசி நான் பாக்கலையே, அப்பறம் எதுக்குங்க இந்த பேரு, அவன்தான் போயிட்டானேன்னேன். அவருக்கு கோவம் வரல. பேரு வெச்சவன் போயிட்டான் கொளஞ்சி, இருந்தவங்க நாங்கதான். எங்க தாத்தன் கூலி வேல செஞ்சுகினு மண்ணு சுமந்து கட்டுன கோயிலு. ஊரு எங்கள வேற பேரு சொல்லி கூப்ட்டுக்கினு இருந்த காலத்துல, சர்ட்டிபிகேட்டுல மரியாதையா எழுத கெடச்ச பேரு அது ஒண்ணுதான்னாரு. எங்க வூட்டு பெருசுங்க அவங்கள இன்னான்னு கூப்ட்டாங்கன்னு எனக்கும் தெரியுமில்ல.

சின்னப்பன் பின்னால பெஞ்சுல, முதுக காட்டிக்கினு உக்காந்திருந்தாரு. அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, நான்தான் நடுவுல. கொளஞ்சி, அந்த ஆளுகிட்ட சொல்லு, அந்த இங்கிலீசு ராஜா கட்டுன பொண்டாட்டிய வுட்டுட்டு இன்னொருத்திய கட்டிக்கறதுக்காக ஆரம்பிச்ச சபை அது, பெரும பேச வந்துட்டாருன்னாரு. வாத்தியாருக்கு அதுக்குத்தான் மூஞ்சி செவந்துச்சு. ராஜா வுட்டுட்டு போனா போறான், நான் போவமாட்டேன்னு சொல்லுன்னாரு. அப்பறம் சின்னப்பன், அந்த ஆளு பிரசர் மாத்திர போட்டாரான்னு கேளுன்னாரு. போட்டாச்சுன்னு சொல்லுன்னாரு இவரு. தெனம் இதே கூத்துதான். வாத்தியாருக்கு சாப்பாடு யாரு வூட்லேர்ந்து போச்சுன்னு நெனைக்கிறீங்க? சின்னப்பன் பொண்டாட்டி இசபெல்லா தூக்குல போட்டு எங்கிட்ட குடுக்கும், நான் கொண்டுபோயி குடுப்பேன். சின்னப்பனுக்கு தெரியாதாம். மீன் கொழம்பு வெக்கிற அன்னிக்கி முள்ளு எட்த்துட்டு போடுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றவரு அவருதான்.

வாத்தியாருக்கு புள்ள குட்டி கெடையாது. முப்பது வருசம் கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு பள்ளிக்கூடத்துல வேல. லிடியா டீச்சருக்கு மலைக்கு கீழ, நம்ம ஊர்ல வேல. சனிக்கெழம பஸ் புடிச்சு எறங்குவாரு, திங்கக்கெழம விடியக்காலம் ஏறிடுவாரு. நாங்க சேந்து இருந்தது சனியும் ஞாயிறுந்தான் கொளஞ்சி, அதுலயும் ஞாயிறு பாதி கோயிலுக்கு போயிடும்னு சொல்லுவாரு. ரிட்டயர் ஆகி வந்து நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா, எட்டு மாசத்துல அந்தம்மா போயிட்டாங்க. அப்ப பூட்டு இல்ல. உள்ளதான் பொதச்சாங்க.

அவங்க வழக்கத்துல ஒண்ணு உண்டு சார். பொண்டாட்டி முன்னால போனா பக்கத்துல புருசனுக்கு எடம் வுட்டு சுத்தி செங்கல் கட்டிடுவாங்க. கல்லு ஒண்ணுதான், ரெண்டு பேரும் அதுலயே. லிடியான்னு வெட்டி பொறந்த தேதி, போன தேதி. பக்கத்துல ஜான்னு வெட்டி பொறந்த தேதி, ஒரு கோடு, அதுக்கு அந்தாண்ட வெறும் கல்லு. தன் பேர தானே கல்லுல பாத்துகினு எப்பிடிங்க இருக்கீங்கன்னு கேட்டேன் ஒருக்கா. பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்ச மாதிரி தைரியமா இருக்குதுன்னாரு.

அப்பறம்தான் பூட்டு. இந்த அஞ்சு வருசத்துல பதினோரு பேரு செத்தாங்க, ரெண்டு பக்கத்துலயும். எல்லாரையும் ஏரிக்கரையிலதான் பொதச்சாங்க. முந்தா வருசம் ஐப்பசி மழையில ஏரி ரொம்பி சிலுவையெல்லாம் முங்கிடுச்சு. வாத்தியாரு கரையில போயி நின்னு பாத்துட்டு வந்து, அன்னிக்கி டீ குடிக்கல. கொளஞ்சி, நான் போனா என்ன அங்க கொண்டுகினு போவாதீங்க, எனக்கு நீச்சல் தெரியாதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா, அவரு கண்ணுல பயம் இருந்துச்சு சார். எண்பத்திரண்டு வயசுல, சாவறதுக்கு பயப்படல, எடம் போயிடுமோன்னு பயந்தாரு. கேச வாபஸ் வாங்கிட்டு சின்னப்பனுக்கே வுட்டுடுங்களேன், கேட்டு தொறந்துடுமேன்னு நானே சொன்னேன். வுட்டா அந்த பேர எட்த்துடுவாங்க, அந்த பேருலதான் அவ படுத்திருக்கா, கல்லுலயே வெட்டியிருக்குதுன்னாரு. வுடவும் முடியல, இருக்கவும் முடியல. அதான் அவரு நெலம.

மழ வரும் போல இருக்குது. உள்ள தள்ளி உக்காருங்க. இன்னொரு டீ?

எங்க ஆடித் திருவிழாவ சொன்னேன் இல்ல, இந்த வருசம் மூணாம் ஞாயித்துக்கெழம கூழு ஊத்துனோம். அடடா, பம்பையும் உடுக்கையும் அடிச்ச அடியில காது ஜவ்வு கிழியுது. திருவிழான்னா கல்லற கேட்டாண்ட பந்தோபஸ்துக்கு ரெண்டு போலீசு நிப்பாங்க, பாவம், அவங்களுக்கும் நான்தான் கூழு கொண்டுபோயி குடுத்தேன், மொளகா வத்தலோட. அப்ப எம்புள்ள வண்டி வந்துச்சு. வண்டி நெறைய வேப்பந்தழ. அம்மனுக்கு தழ ஏத்திக்கினு போறான்னு போலீசே கும்பல வெலக்கி வழி வுட்டாங்க. ஒரு போலீசு பூட்ஸ கழட்டிட்டு கன்னத்துல போட்டுக்கினாரு.

வண்டி அம்மன் கோயிலுக்கு போவல சார். அவங்க கோயில் பின்னால சந்துல திரும்பி, கல்லறையோட பின் பக்கத்து கேட்டுக்கு போச்சு. அந்த சின்ன சாவி பின் கேட்டுக்கும் சேரும். நான்தான் போயி தொறந்தேன்.

தழைக்கு அடியில இன்னாவா?

அன்னிக்கி காலையில தூக்கு எட்த்துக்கினு போனேன், கதவு தெறந்தே இருந்துச்சு. வாத்தியாரு கட்டில்ல படுத்த மாதிரியே இருந்தாரு, கண்ணாடிகூட கழட்டல. நான் கத்தல. நேரா சின்னப்பன் வூட்டுக்கு ஓடுனேன். அந்த மனுசன் சட்டகூட போடல, அப்பிடியே ஓடியாந்து, மாமான்னு ஒரு வார்த்த. அஞ்சு வருசத்துல மொத தடவ நேரா அவர்கிட்ட பேசுறாரு. அதுவும் அவரு காதுல வுழாத அன்னிக்கி. அப்பறம் என்ன பாத்து, கொளஞ்சி, ஏரிக்கரைக்கு வேணாம்னாரு. சாவி குடுன்னு அவரு கேக்கல சார். அதான் எனக்கு தாங்கல. நானாத்தான் எட்த்துக்கினு போயி தொறந்தேன், இத்த எழுதுனா என் பேர்லயே எழுதுங்க.

குழி தோண்டுனது யாரு தெரியுமா? இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. பாஸ்டர கூப்புட முடியாது, கூப்ட்டா அவருக்கும் வம்பு. வாத்தியாரோட பழைய புஸ்தகத்தயே வெச்சு சின்னப்பன்தான் படிச்சாரு. வெளிய பம்பை அடிக்குது, உள்ள இவரு படிக்கிறாரு. ஒரு எடத்துல, இன்ன சபையைச் சேர்ந்த இன்னாருன்னு சொல்லணும் போல. அங்க வந்ததும் நின்னுட்டாரு. எல்லாரும் அவரு மூஞ்சியவே பாக்குறாங்க. தடை இருக்குதுல்ல? தொண்டைய கனச்சுக்கினு, தென்னாற்காடு ஐக்கிய ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் ஜான்னு முழுசா சொன்னாரு. உங்க ஆர்டர மீறுனது அங்கதான் சார். பூட்டு தொறந்ததெல்லாம் ரவ சமாச்சாரம்.

பென்சன் ஆபீசுக்கு சின்னப்பனே எழுதிப் போட்டு நிறுத்திட்டாரு, ரேசன் கார்டுல பேரு எட்த்தாச்சு. ஊரு முழுக்க தெரியும். கோர்ட்டுக்கு மட்டுந்தான் சொல்லல, சொன்னா எங்க பொதச்சீங்கன்னு கேக்கும், தோண்டி எட்த்து ஏரிக்கரைக்கு கொண்டுபோன்னும். அதான் வாய்தாவுக்கு வாய்தா வாதிக்கு ஒடம்பு முடியலன்னு அவரு வக்கீலு சொல்லுவாரு, சின்னப்பன் வக்கீலு ஆட்சேபண இல்லன்னுடுவாரு. எதிர்க்கட்சிக்கு இவ்ளோ பெருந்தன்மையான்னு ஜட்ஜே ஆச்சரியப்பட்டாராம். கல்லுல மட்டும் தேதி வெட்டல. கோட்டுக்கு அந்தாண்ட இன்னும் வெறும் கல்லுதான். நீங்க உள்ள போயி பாத்தாலும், கல்லு பிரகாரம் அவரு உசுரோடதான் இருக்காரு.

நீங்க இன்னா எழுதுவீங்களோ எனக்கு தெரியாது. உங்க வேல உங்களுக்கு. மழையில மண்ணு அமுங்கி, புல்லும் மொளச்சிடுச்சு, பாத்தா புதுசுன்னு தெரியாது. அவ்ளோதான் நான் சொல்லுவேன்.

இந்தாங்க சாவி, புடிங்க. பூட்டு கொஞ்சம் இறுகும், எடது பக்கமா தூக்கி திருப்பணும். சின்னப்பன் விடியக்காலத்துலேர்ந்து உள்ளதான் இருக்காரு, நீங்க வரீங்கன்னு களை பிடுங்கிக்கினு இருக்காரு. நான்தான் வெளிய பூட்டிட்டு வந்து அடுப்பு பத்த வெச்சேன். தயங்காதீங்க சார், ஆர்டர் பிரகாரந்தான். ரெண்டு தரப்பும் உள்ளதான் இருக்குது.